கணிதத்தில் பிள்ளைகளுக்கு விருப்பம் வரச் செய்வது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கணிதம் நமது பாடசாலைகளில் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையாகவே பிள்ளைகளிடம் வந்து சேருகிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் அது கட்டாய பாடம். அதில் சித்தியடையாத மாணவருக்கு உயர்தரத்திற்கான வழி இறுகிவிடுகிறது. ஆகவே தரம் 6இல் கால் வைத்த நாள் தொடங்கி "கணக்கை விட்டால் எதிர்காலம் இல்லை" என்ற பேச்சையே பிள்ளை வீட்டிலும் வகுப்பிலும் கேட்டு வளர்கிறது. அந்தப் பேச்சில் உண்மை இருக்கலாம். ஆனால் அதனால் ஒரு பிள்ளைக்குக் கணிதத்தில் விருப்பம் பிறந்ததை நான் கண்டதில்லை. பயம் கொப்பியை நிரப்பச் செய்யும், பரீட்சை முடிந்த மறுநாளே அந்தக் கொப்பியை மூடியும் வைக்கச் செய்யும்.

இந்த வழிகாட்டி ஓர் அடிப்படைக் கருத்தின் மீது நிற்கிறது. பிள்ளைக்கு முதலில் விருப்பம் வரும், அதன் பிறகு கணிதம் விளங்கும் என்று நாம் காத்திருக்கிறோம். நடைமுறையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கிறது. தானாகச் சிந்தித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்ற உணர்வைப் பிள்ளை ஒருமுறை அனுபவித்துவிட்டால், அதை மீண்டும் அனுபவிக்கத் தேடிவரும். ஆசிரியரும் பெற்றோரும் செய்யவேண்டியது, அந்த அனுபவம் அடிக்கடி நிகழக்கூடிய விதத்தில் பாடத்தையும் நேரத்தையும் பேச்சையும் ஒழுங்குசெய்து கொடுப்பதாகும்.

சுசான் ஹைடி, ஆன் ரெனிங்கர் என்ற இரு கல்வி உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில், ஆர்வம் நான்கு நிலைகளில் வளர்வதாகக் காட்டினார்கள். முதல் நிலையில் ஏதோ ஒரு நிகழ்வு ஆர்வத்தைத் தூண்டுகிறது. இரண்டாம் நிலையில் சூழல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. மூன்றாம் நிலையில் பிள்ளை தானாகவே அந்தப் பொருளிடம் திரும்பி வரத் தொடங்குகிறது. நான்காம் நிலையில் அது அந்தப் பிள்ளையின் சொந்த விருப்பமாக வேரூன்றி விடுகிறது. நாம் பாடசாலைகளில் நடத்தும் கணித தினங்களும் முகாம்களும் கண்காட்சிகளும் பெரும்பாலும் முதல் நிலையோடு நின்றுவிடுகின்றன. அன்று கைதட்டுகிற பிள்ளை அடுத்த திங்கட்கிழமை பின்னக் கணக்கின் முன் பழையபடி அமர்ந்திருக்கிறது. பின்வரும் படிகள் இரண்டாம், மூன்றாம் நிலைகளையே குறிவைத்து எழுதப்பட்டவை. தரம் 6 முதல் 11 வரையான வகுப்புகளை மனதில் வைத்திருக்கிறேன்.

படி 1: விளக்கம் அறுந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

தரம் 9இல் அட்சரகணிதம் பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளைக்கு உண்மையில் அட்சரகணிதத்தோடு பகை இருப்பதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தரம் 5, 6, 7 ஆகிய வகுப்புகளில் எங்கோ ஓர் இடத்தில் விளக்கம் அறுந்திருக்கும். அதன்மேல் அடுக்கப்பட்ட எல்லாப் பாடங்களும் அப்போதிருந்து ஆடிக்கொண்டிருக்கும். படுவான்கரைப் பக்கத்துச் சிறிய பாடசாலைகளில் இது இன்னும் கூடுதலாக நிகழ்வதற்குக் காரணம் உண்டு. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பிறகு வெற்றிடம் நிரம்பப் பல மாதங்கள் ஆகலாம். மாரி மழையில் வீதி வெள்ளத்தில் மூழ்கும் நாட்களில் வரவு குறையும். அந்த வாரங்களில் கற்பிக்கப்பட்டது பின்னமாக இருந்தால் பின்னம் போயிற்று, மறை எண்ணாக இருந்தால் மறை எண் போயிற்று.

ஆகவே ஆண்டின் முதல் வாரத்தில் புதிய பாடத்தைத் தொடங்காமல், ஒரு சிறிய தாளை வகுப்புக்குக் கொடுங்கள். புள்ளி போடுவதற்கான தாள் இது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் இத்தகைய கேள்விகள் போதுமானவை: 402இலிருந்து 178ஐக் கழிக்க. 0.3, 0.25 இவற்றில் பெரியது எது. 1/2 உடன் 1/3ஐக் கூட்டுக. 60இன் முக்கால் பங்கு எவ்வளவு. மறை 3இலிருந்து மறை 5ஐக் கழிக்க. 2அ + 3ஆ என்பதை இதைவிடச் சுருக்க முடியுமா. ஒவ்வொரு விடையின் கீழும் "இதை எப்படிச் செய்தாய்" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு வரிகள்தான் விலைமதிப்புள்ளவை. 0.25 பெரியது என்று எழுதிய பிள்ளை, 25 என்பது 3ஐ விடப் பெரியது என்ற முழு எண் விதியைத் தசமத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. 2அ + 3ஆ = 5அஆ என்று எழுதிய பிள்ளை, கூட்டல் என்றால் கடைசியில் ஒரே உறுப்பு மிஞ்சவேண்டும் என்று நம்புகிறது. தவறான விடைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. அந்த விதியைக் காணாமல் சிவப்புப் பேனையால் கீறிவிட்டுச் சரியான விடையை எழுதிக் கொடுத்தால், பிள்ளையின் மனதில் பழைய விதி அப்படியே இருந்துவிடும்.

அரையுடன் மூன்றில் ஒன்றைக் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதிய ஒரு மாணவனுடன் நடந்த உரையாடலை இங்கே தருகிறேன்.

"இது எப்படி வந்தது, மகன்?"

"மேல இருக்கிறதையும் கூட்டின நான், கீழ இருக்கிறதையும் கூட்டின நான், சேர்."

"நல்லது. ஐந்தில் இரண்டு அரையை விடப் பெரிசா, சின்னனா?"

அவன் சற்று நேரம் யோசித்தான். "ஐந்தில பாதி இரண்டரை… அப்ப சின்னன், சேர்."

"அரையை வச்சிருந்த நீ. அதோட இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்த நீ. சேர்த்த பிறகு அரையை விடக் குறைஞ்சு போகுமா?"

யாரும் சொல்லாமலேயே அவன் தன் விடையை அழித்தான். பொதுப் பகுதியெண் என்ற சொல் அன்று எங்கள் பேச்சில் இன்னும் வரவில்லை. ஆனால் அது ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்வி அவனுக்குள் பிறந்துவிட்டது, அதன் பின்னர் அதைக் கற்பிக்கச் சில நிமிடங்களே போதுமாயின. தன் விடையைத் தானே மதிப்பிட்டுத் தானே மாற்றிய அந்தத் தருணத்தை நான் ஆர்வத்தின் தொடக்கமாகக் கருதுகிறேன்.

இவ்வாறு கண்டறிந்த இடைவெளிகளை நிரப்ப, "மெல்லக் கற்போர்" என்று பெயரிட்டுத் தனி வகுப்பு வைக்காதீர்கள். அந்தப் பெயர் பிள்ளையின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். நாளாந்தப் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தை முழு வகுப்புக்குமாக இதற்கு ஒதுக்குங்கள். நன்றாகச் செய்யும் பிள்ளைகளுக்கும் அந்த மீட்டல் பயன்படும்.

படி 2: பிள்ளை ஏற்கனவே செய்யும் கணக்கை வகுப்புக்குள் அழைத்து வாருங்கள்

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 1985இல் வெளியானது. வாங்குபவர்போல் சென்று ஆய்வாளர்கள் கேட்ட கணக்குகளில் 98 வீதமானவற்றுக்குச் சிறுவர்கள் சரியாக விடை சொன்னார்கள். அதே சிறுவர்களிடம் அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது, சரியானவை 37 வீதமாகக் குறைந்தன. 35 குருசேரோ (அந்நாட்டு நாணயம்) விலையுள்ள இளநீர்க் காய் நான்கு கேட்டபோது, "மூன்று 105, அதோடு 30, 135… 140" என்று சரியாகச் சொன்ன சிறுவன், தாளில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னபோது 200 என்று எழுதினான். கொண்டுசெல்லும் 2ஐ, பெருக்கிய பிறகு கூட்டாமல் பெருக்குவதற்கு முன்பே கூட்டிவிட்டிருந்தான்.

நமது பிரதேசத்திலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய உண்டு. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் வாப்பாவின் கடையில் மாலை நேரத்தில் மிச்சக் காசு கொடுக்கும் பிள்ளை, கல்முனைச் சந்தையில் உம்மாவோடு மரக்கறி நிறுக்கும் பிள்ளை, வாழைச்சேனையில் மீன் கூறு போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வெல்லாவெளிப் பக்கம் வயலுக்கு எத்தனை மூடை உரம் என்று அப்பாவோடு கணக்குப் பார்க்கும் பிள்ளை ஆகிய எல்லோரும் மனக்கணக்கில் தேர்ந்தவர்கள். தாங்கள் கணிதம் செய்கிறோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்கள் வாயால் சொல்லும் வழியை அப்படியே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஒரு கிலோ 240 ரூபாய் என்றால் ஒன்றேமுக்கால் கிலோ எவ்வளவு என்று கேளுங்கள். "இரண்டு கிலோ 480, கால் கிலோ 60ஐக் கழிச்சா 420" என்று பிள்ளை சொன்னால், அதை 240 × (2 − 1/4) என்று எழுதி, இதற்குப் பங்கீட்டு விதி என்று பெயர் என அறிமுகம் செய்யுங்கள். தன் தலைக்குள் இருந்த ஒன்றுக்குப் பாடப்புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்பதை அறியும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

காணி அளவை இன்னொரு நல்ல வாயில். ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடி நீளமும் அதே அகலமும் கொண்ட சதுரம், அதாவது 272.25 சதுர அடி. 160 பேர்ச் ஓர் ஏக்கர். 20 பேர்ச் வளவு என்பது ஏக்கரில் எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டால், பின்னமும் பரப்பளவும் தசமப் பெருக்கலும் ஒரே கேள்வியில் வந்துவிடும். பிள்ளைகள் தங்கள் வீட்டு வளவை அடி நாடாவால் அளந்து வரட்டும்.

கரைவலை மீன்பிடியில் பணம் பங்கிடப்படும் முறை ஊருக்கு ஊர் வேறுபடும். வலைக்கும் தோணிக்கும் எத்தனை பங்கு, இழுத்தவருக்கு எத்தனை பங்கு என்று கடலோரப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து வகுப்புக்குச் சொல்லட்டும்; விகிதப் பாடத்தை அந்தத் தரவிலிருந்தே தொடங்கலாம். விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டுக்கு இங்கினியாகலைச் சேனாநாயக்க சமுத்திரம் இருக்கிறது. அதன் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் சுமார் 1,233 கன மீற்றர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 95 கோடி கன மீற்றர் வரும். அத்தனை பூச்சியங்களை எழுதிக் களைத்த பிள்ளைக்குப் பத்தின் அடுக்குகள் எதற்காக வந்தன என்பதை விளக்கவேண்டிய தேவை இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஊர்ப்பெயரையும் மீன்பெயரையும் சேர்த்துவிட்டால் கணக்கு வாழ்க்கையோடு இணைந்துவிடும் என்று எண்ணக்கூடாது. யாரும் கேட்காத கேள்வியை யாரும் செய்யாத செயலோடு சேர்த்து எழுதிய கணக்குகளைப் பிள்ளைகள் உடனே இனங்கண்டு கொள்வார்கள். உண்மையில் யாரோ ஒருவர் விடை தேடும் கேள்வியா என்பதை நாம் முதலில் பார்க்கவேண்டும்.

படி 3: ஒரு நல்ல கேள்வியைப் பல நாள் வைத்திருங்கள்

ஒரு பாடவேளையில் இருபது கணக்குச் செய்து முடிப்பதைவிட, ஒரே கேள்வியுடன் ஒரு வாரம் வாழ்வது ஆர்வத்தை அதிகம் வளர்க்கும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாப் பிள்ளைகளாலும் தொடங்கக்கூடியதாகவும், மிகத் திறமையான பிள்ளையாலும் எளிதில் முடிக்கமுடியாததாகவும் அந்தக் கேள்வி இருக்கவேண்டும். நான் மிகவும் நம்பும் ஒரு கேள்வியை விரிவாகத் தருகிறேன்.

பாடசாலை மைதானத்து மணலில் 40 மீற்றர் கயிறு ஒன்றைக் கொண்டு செவ்வக வடிவில் தோட்டம் ஒன்றுக்கு வேலி போடவேண்டும். எந்த அளவில் போட்டால் தோட்டம் மிகப் பெரிதாக இருக்கும்? பிள்ளைகளை நான்கு மூலைகளில் நிறுத்திக் கயிற்றைப் பிடிக்கச் செய்யுங்கள். கயிறு ஒன்றேதான், ஆகவே எப்படிப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் இடம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பலர் சொல்வார்கள். மறுக்காதீர்கள். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 1 மீற்றர் அகலம் என்றால் 19 மீற்றர் நீளம், பரப்பளவு 19. 5 மீற்றர் அகலம் என்றால் 15 மீற்றர் நீளம், பரப்பளவு 75. 10க்கு 10 என்றால் 100. சுற்றளவு மாறாமல் பரப்பளவு இவ்வளவு மாறுவதைக் கண்ட வகுப்பில் எழும் சத்தத்தை எந்த விரிவுரையாலும் எழுப்ப முடியாது. தரம் 6, 7 பிள்ளைகளுக்கு இதுவே ஒரு முழுப் பாடம்.

அடுத்த நாள் கேள்வியை மாற்றுங்கள். தோட்டம் வாவிக் கரையில் இருக்கிறது; வாவிப் பக்கம் வேலி தேவையில்லை; மூன்று பக்கங்களுக்கு மட்டுமே 40 மீற்றர் கயிறு. சதுரம்தான் சிறந்தது என்று நேற்றுக் கற்ற பிள்ளைகள் உடனே சதுரம் என்பார்கள். சதுரமாகப் போட்டால் ஒரு பக்கம் மூன்றில் நாற்பது மீற்றர், பரப்பளவு சுமார் 178 சதுர மீற்றர். ஆனால் 10 மீற்றர் அகலமும் வாவியோரமாக 20 மீற்றர் நீளமும் எடுத்தால் 200 வருகிறது. நேற்றைய உண்மை இன்று ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வி அவர்களை வீடுவரை தொடரும்.

தரம் 9 பிள்ளைகள் அகலத்தை 'அ' என்று எடுத்துக்கொண்டு, பரப்பளவை அ(40 − 2அ) என்று எழுதட்டும். தரம் 10, 11 பிள்ளைகள் அந்தக் கோவைக்கு வரைபு வரையட்டும். தலைகீழான வளைகோட்டின் உச்சி 10க்கு நேராக 200இல் இருப்பதைக் காண்பார்கள். பின்னர் அதே கோவையை 200 − 2(அ − 10)² என்று மாற்றி எழுதச் செய்யுங்கள். ஒரு வர்க்கம் ஒருபோதும் மறையாகாது; ஆகவே 200இலிருந்து எப்போதும் ஏதோ ஒன்று கழிகிறது, அகலம் 10 ஆகும்போது மட்டும் ஒன்றும் கழிவதில்லை. வர்க்கப் பூர்த்தி என்ற வறண்ட பயிற்சிக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மாணவன் இதே கணக்கை வகையீட்டின் மூலம் மீண்டும் சந்திப்பான். தரம் 6இல் கயிறு பிடித்த நினைவு அவனுக்கு அப்போதும் இருக்கும்.

இத்தகைய கேள்வியைக் கொடுத்த பிறகு ஆசிரியர் செய்யவேண்டிய மிகக் கடினமான வேலை வாய்மூடி இருப்பதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே விடைக்காகக் காத்திருந்ததைக் கண்டார். அந்த இடைவெளியை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது, மாணவரின் விடைகள் நீண்டன, வாய்திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று செக்கன் என்பது சொல்லச் சிறியது. வகுப்பின் முன் நின்று காத்திருக்கும்போது அது எவ்வளவு நீளமானது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

படி 4: கைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுங்கள்

ஜெரோம் புரூணர் என்ற உளவியலாளர், பிள்ளை ஒரு கருத்தை முதலில் செயலாலும் பின்னர் உருவத்தாலும் இறுதியில் குறியீட்டாலும் கைக்கொள்கிறது என்றார். நாம் நேரமின்மையால் குறியீட்டிலிருந்தே தொடங்கிவிடுகிறோம். எல்லாப் பாடத்துக்கும் செயற்பாடு தேட முடியாது, தேடவும் தேவையில்லை. தவணைக்கு இரண்டு, மூன்று செயற்பாடுகளை நன்றாகச் செய்தாலே போதும்.

பைதகரசு தேற்றத்துக்கு ஊர் மேசன்மாரை அழைக்கலாம், அல்லது அவர்கள் அத்திவாரத்துக்கு மூலை பிடிப்பதைப் பிள்ளைகளுடன் சென்று பார்க்கலாம். ஒரு பக்கத்தில் 3 அடியும் மறு பக்கத்தில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்து அவர்கள் மூலையைச் செங்கோணமாக்குவார்கள். சம தூரத்தில் முடிச்சிட்டு, 12 இடைவெளிகள் கொண்ட வளையமாகக் கட்டிய கயிற்றினால் பிள்ளைகள் மைதானத்தில் கரப்பந்தாட்டக் களம் ஒன்றைக் குறிக்கட்டும். பிறகு 6, 8, 10 சரிவருமா, 5, 12, 13 சரிவருமா, 4, 5, 6 ஏன் சரிவரவில்லை என்று தேட விடுங்கள்.

பின்னத்தைக் காதால் கேட்கவும் முடியும். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை நாம் தமிழறிஞராகவே பெரிதும் நினைவுகூருகிறோம். ஆனால் அவர் விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞான ஆசிரியராகவும் பணியாற்றியவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலில், பழந்தமிழ் இசையைக் கணித முறையால் ஆராய்ந்திருக்கிறார். அந்த வழியை ஒரு பலகைத் துண்டில் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கலாம். இரண்டு ஆணிகளுக்கு இடையே 60 சென்ரிமீற்றர் நீளத்துக்குத் தங்கூசி ஒன்றை இறுக்கிக் கட்டுங்கள். முழு நீளத்தையும் மீட்டினால் வருவதை 'ச' என்ற சுரமாகக் கொண்டால், 30 சென்ரிமீற்றரில் மேல் 'ச', 40இல் 'ப', 45இல் 'ம' கேட்கும். அவை முறையே அரை, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று. இனி 'ம'விலிருந்து 'ப'வுக்குச் செல்ல நீளத்தை எத்தனையால் பெருக்கவேண்டும் என்று கேளுங்கள். 2/3ஐ 3/4ஆல் வகுத்தால் 8/9. 45 சென்ரிமீற்றரின் 8/9 பங்கு 40 என்பதை அளவுகோலால் சரிபார்க்கலாம். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எதற்கு என்ற, வருடாவருடம் வகுப்பில் எழும் கேள்விக்கு இதைவிட இனிய விடை எனக்குத் தெரியாது.

சமச்சீருக்கும் கோலவடிவத்துக்கும் மருதமுனைக் கைத்தறித் துணியும் பன்பாயும் கைவசம் உள்ளன.

படி 5: தவறு செய்வதற்குப் பாதுகாப்பான இடமாக வகுப்பை மாற்றுங்கள்

கரும்பலகைக்கு அழைக்கப்பட்டுத் தவறாகச் செய்து, சிரிப்புக்கு ஆளாகி இருக்கைக்குத் திரும்பிய பிள்ளை அந்தப் பாடத்தை உள்ளத்தால் கைவிட்டுவிடும். கணிதத்தைப் பற்றிய பதற்றம், கணக்கை நினைவில் வைத்துச் செய்யத் தேவையான இடத்தையே மூளையில் பிடித்துக்கொள்கிறது என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தெரிந்த கணக்கும் ஓடாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். வாய்பாட்டை நிறுத்துக் கடிகாரத்துடன் ஒப்புவிக்கச் செய்வதையும், முதலில் முடித்தவரை எழுந்து நிற்கச் சொல்வதையும் நான் விரும்பாததற்குக் காரணமும் அதுவே. வேகம் பயிற்சியால் பின்னர் வரும்.

பெயர் குறிப்பிடாமல், வகுப்பில் பலர் செய்த ஒரு தவறைப் பலகையில் எழுதி, "இதைச் செய்தவர் எப்படி யோசித்திருப்பார்" என்று கேளுங்கள். மறை 3இலிருந்து மறை 5ஐக் கழித்தால் மறை 8 என்று எழுதியவர்கள் பலர் இருப்பார்கள். விதியைச் சொல்லாமல் ஒரு வரிசையை எழுதுங்கள்: மறை 3இலிருந்து 2ஐக் கழித்தால் மறை 5; 1ஐக் கழித்தால் மறை 4; பூச்சியத்தைக் கழித்தால் மறை 3. அடுத்து மறை 1ஐக் கழித்தால்? விடைகள் ஒவ்வொன்றாக ஏறி வருவதைக் கண்ட பிள்ளைகள் மறை 2, மறை 1, பூச்சியம், 1, 2 என்று தாங்களே சென்று சேர்வார்கள்.

படி 6: பயிற்சியைக் கைவிடாதீர்கள், ஆனால் அதன் ஒழுங்கை மாற்றுங்கள்

விளக்கம் வந்தால் போதும், பயிற்சி தேவையில்லை என்று சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை. பெருக்கல் வாய்பாடு நாவில் நிற்காத பிள்ளை காரணிப்படுத்தலில் தடுமாறும். தடுமாற்றம் தொடர்ந்தால் பிறந்த ஆர்வமும் கருகிவிடும். ஒரே வகைக் கணக்கில் முப்பதை ஒரே நாளில் செய்வதற்குப் பதிலாக, நாளுக்கு ஐந்து கணக்குகளை, இன்றைய பாடத்திலிருந்து இரண்டு, சென்ற வாரத்திலிருந்து இரண்டு, சென்ற தவணையிலிருந்து ஒன்று என்று கலந்து கொடுங்கள். இடைவெளி விட்டு மீட்டுவதும் கலந்து பயில்வதும் நினைவை நீடிக்கச் செய்கின்றன என்பது கற்றல் பற்றிய ஆய்வுகளில் நன்கு நிலைநாட்டப்பட்ட முடிவு. எந்த முறையைப் பயன்படுத்துவது என்று பிள்ளையே தெரிவுசெய்ய வேண்டியிருப்பதால் சிந்தனையும் விழித்திருக்கும்.

தரம் 10, 11இல் கடந்தகால வினாத்தாள்கள் அவசியம். பிரத்தியேக வகுப்புகளைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அமர்ந்திருக்கும் மண்டபத்தில், கேள்வியைப் படித்து முடிக்குமுன்பே செய்வழி பலகையில் எழுதப்பட்டுவிடுகிறது. பிள்ளை அதை அழகாகப் பிரதி செய்கிறது. அந்தக் கொப்பியில் பிள்ளையின் சொந்தச் சிந்தனை ஒரு வரிகூட இருப்பதில்லை. வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், அடுத்த வாரம் செய்யப்போகும் தாளின் மூன்று கணக்குகளையாவது பிள்ளை முதலில் தானாக முயன்று பார்க்கும்படி செய்தால், அதே வகுப்பின் பயன் பல மடங்காகும்.

படி 7: வீட்டில் பேசும் பேச்சைக் கவனியுங்கள்

"எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் கணக்கு ஓடாது" என்ற வார்த்தையைப் பிள்ளையின் காதில் விழ விடாதீர்கள். கணிதத்தைக் கண்டு பதறும் பெற்றோர் வீட்டு வேலையில் அடிக்கடி உதவியபோது, அந்தப் பிள்ளைகள் அவ்வருடத்தில் கணிதத்தில் குறைவாகவே முன்னேறினார்கள் என்று அமெரிக்காவில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டியது. 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆரம்ப வகுப்பு ஆசிரியைகளின் கணிதப் பதற்றம், ஆண்டு இறுதியில் பெண் பிள்ளைகளிடமே பாதிப்பாகத் தெரிந்தது. ஆண் பிள்ளைகளிடம் தெரியவில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கணிதம் சரிவராது என்ற எண்ணம் இவ்வாறுதான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது.

நமது மாவட்டங்களில் தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள் பலர். அம்மம்மாவுக்கு அட்சரகணிதம் தெரியாது என்பது ஒரு தடையே இல்லை. "இன்றைக்கு எந்தக் கணக்கு கஷ்டப்படுத்தினது, அதை எப்படிச் செய்த நீ, எனக்கு ஒருக்கா சொல்லிக் காட்டு" என்று கேட்டுவிட்டுக் காது கொடுத்திருந்தால் போதும். விளக்கிச் சொல்லும்போது பிள்ளை தனக்கே விளக்கிக்கொள்கிறது. புள்ளி எவ்வளவு என்ற கேள்வி அதன் பிறகு வரட்டும்.

படி 8: ஆர்வம் வளர்கிறதா என்று எப்படி அறிவது

தவணைப் பரீட்சைப் புள்ளி இதைக் காட்டுவதற்குக் காலம் எடுக்கும். அதற்கு முன்பே தெரியும் அறிகுறிகள் உண்டு. மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை மேசையருகே வந்து நிற்கும். விடை சரியா என்று கேட்பதற்குப் பதிலாக, "வேற வழியிலயும் செய்யலாம் தானே சேர்" என்று சொல்லும். ஆசிரியர் பலகையில் விட்ட பிழையைத் தயங்காமல் சுட்டிக்காட்டும். "அப்ப நாலு பக்கத்துக்குப் பதிலா வட்டமா வேலி போட்டால்?" என்று நீங்கள் கொடுக்காத கேள்வியைத் தானாகக் கேட்கும். 40 மீற்றர் கயிற்றை வட்டமாக்கினால் பரப்பளவு சுமார் 127 சதுர மீற்றர், சதுரத்தை விடப் பெரிது. அந்தக் கேள்வி வந்த நாளில் பாடத்திட்டத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, அதன் பின்னாலேயே செல்லுங்கள்.

ஒரு தவணை கழிந்தும் இந்த அறிகுறிகள் ஒரு பிள்ளையிடம் தென்படவில்லை என்றால், அறிவுரையைக் கூட்டாதீர்கள். முதல் வாரத்தில் அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்த தாளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். "இதை எப்படிச் செய்தாய்" என்பதன் கீழ் வெறுமையாக விடப்பட்ட வரிகளில் இன்னும் ஓர் இடைவெளி இருக்கும். அடுத்த நாளின் முதல் பத்து நிமிடத்தை அந்தக் கேள்விக்குக் கொடுங்கள்.